கண்ணாடி போன்ற தண்ணீர்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மஞ்சட்காமாலை கண்டு ஆறு வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை. அரையாண்டுத் தேர்வையும் அவள் எழுதவில்லை. மருத்துவர் அது தண்ணீர் வழியாகப் பரவும் காமாலை என்று கூறிவிட்டார். விடுப்புக் கடிதம் கொடுக்க வந்திருந்த அவளுடைய தாயார், அலுவலக வாயிலில் நின்றுகொண்டு எங்கள் வேதியியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்ட கேள்வி எங்கள் காதிலும் விழுந்தது. “எங்க கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமே, சிஸ்டர்! உப்பு கிடையாது. அதையும் நாங்க ஃபில்டர்ல ஊத்தித்தானே குடிக்கிறோம். அப்புறம் எப்படி வரும்?”

சகோதரி அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பினார். பின்னர் வகுப்புக்கு வந்து, “அந்த அம்மா ஒரே மூச்சில் மூன்று வெவ்வேறு சொற்களைச் சொன்னார்கள். மூன்றும் ஒன்று என்று நினைத்திருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது வித்தியாசம் தெரியுமா?” என்றார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று தொடங்கி நாங்கள் திரட்டியவற்றை இங்கே எழுதுகிறோம். அந்தத் தாயாரும் இம்மலரைப் படிப்பார் என்பதால், இயன்ற வரை வீட்டில் வழங்கும் சொற்களைக் கொண்டே எழுத முயன்றிருக்கிறோம்.

முதலில் நம் வீட்டுச் சொற்களைப் பார்ப்போம். ‘நல்ல தண்ணீர்’ என்று நாம் சொல்வது உப்புக் கரிக்காத தண்ணீரை. நல்ல தண்ணீர்க் குழாய், நல்ல தண்ணீர்க் கிணறு என்றெல்லாம் சொல்கையில் அதில் நோய்க்கிருமி இருக்கிறதா இல்லையா என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ‘தெளிந்த தண்ணீர்’ என்பது கண்ணுக்குக் கலங்கல் தெரியாத தண்ணீர். ‘வடிகட்டிய தண்ணீர்’ என்பது ஏதோ ஒன்றின் வழியாகப் புகுந்து வெளிவந்த தண்ணீர். அந்த ஏதோ ஒன்று மல்துணியாகவும் இருக்கலாம், மணலாகவும் இருக்கலாம். இம்மூன்று சொற்களில் எதற்கும் ‘குடித்தால் நோய் வராது’ என்று பொருள் கிடையாது. ஒன்று நாக்கின் தீர்ப்பு, ஒன்று கண்ணின் தீர்ப்பு, மற்றொன்று ஒரு வேலையின் பெயர், அவ்வளவுதான். நோய் தராத நீருக்கு விஞ்ஞானிகள் ‘பாதுகாப்பான நீர்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அதனை நாவும் கண்ணும் அறிய இயலாது.

கண்ணின் தீர்ப்பிலிருந்து தொடங்குவோம். நீரின் கலங்கலை அளக்க முற்காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியைப் பயன்படுத்தினார்கள். எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழலை நிறுத்தி, சோதிக்க வேண்டிய நீரை அதில் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்ப்பார்கள். சுடரின் உருவம் எப்போது கரைந்து மறைகிறதோ அப்போது குழலில் நிற்கும் நீரின் உயரத்தைக் குறித்துக்கொள்வார்கள். குறைந்த உயரத்திலேயே சுடர் மறைந்தால் கலங்கல் அதிகம். ஜாக்சன் மெழுகுவர்த்தி முறை என்று இதற்குப் பெயர். இன்று நீருக்குள் ஒளியைச் செலுத்தி, அது பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி அந்த அலகில் கலங்கல் 1-க்கு மேற்படக் கூடாது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். கண் இத்துணை நுட்பமானது அன்று. 5 என்ற அளவுள்ள நீரை ஒரு கோப்பையில் கொடுத்தால் நம்மில் பெரும்பாலோர் தெளிந்த நீர் என்றே சொல்லிவிடுவோம்.

கலங்கிய நீரைச் சும்மா வைத்திருந்தால் தெளியுமா? தெளியும், ஆனால் எதற்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடங்கள் போதும். நூறில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் பருமனுள்ள களிமண் துகளுக்கு ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். துகள் பத்து மடங்கு சிறுத்தால் விழும் வேகம் நூறு மடங்கு குறைந்துவிடும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தோமே, அதுதான் இது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அந்தக் கடைசி வரிசையைச் சேர்ந்தவை. போதாக்குறைக்கு அவை களிமண்ணைப் போலக் கனமானவையும் அல்ல. ஆகவே இரவு முழுவதும் குடத்தில் வைத்துக் காலையில் மேலாக இறுத்த நீரில் மணலும் வண்டலும் இல்லை என்று சொல்லலாம். கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. இப்படித் தானாகக் கீழே போவதற்குப் ‘படிதல்’ என்று பெயர்.

படியாத நுண்துகள்களைப் படிய வைக்க நம் பாட்டிமார் கண்டுபிடித்த வழி தேற்றாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் சில மணி நேரத்தில் சேறு கீழே தங்கிவிடும். அந்த மரத்திற்குத் தாவரவியலார் சூட்டிய இலத்தீன் பெயரிலும் குடிப்பவர்களைக் குறிக்கும் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் ‘தேற்றுதல்’ என்றால் தெளியச் செய்தல். கலங்கிய மனத்தை ஆற்றுவதற்கும் அதே சொல்தான். மனத்திற்கும் நீருக்கும் கலங்கலும் தெளிவும் ஒரே சொற்களாக இருப்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. முருங்கை விதையையும் தூளாக்கி இவ்வாறே பயன்படுத்தலாம்.

இக்கொட்டையும் விதையும் படிகாரமும் உள்ளே என்ன செய்கின்றன? களிமண் துகள்கள் யாவும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு ஒட்டாமல் நீரில் மிதந்து திரிகின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடுகிறது. அத்துடன் நீரோடு வினைபுரிந்து வழவழப்பான அலுமினியம் ஹைட்ராக்சைடாகவும் மாறுகிறது. முருங்கை விதையில் நேர்மின்னூட்டமுள்ள புரதம் ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. விலக்கு நீங்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் துணுக்குகளைப் போலத் திரண்டு இறங்குகின்றன. மின்னூட்டம் தணிந்து துகள்கள் நிலைகுலைவதை ஒரு சொல்லாலும், அவை ஒட்டிப் பெரிதாவதை வேறொரு சொல்லாலும் பொறியியலார் குறிப்பிடுகிறார்கள். நாங்கள் முன்னதைத் ‘திரிதல்’ என்றும் பின்னதைத் ‘திரளுதல்’ என்றும் எழுதிக்கொண்டோம். பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் அவ்விரண்டாம் சொல் கம்பளி மயிர்க் கொத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம்.

நீரேற்று நிலையங்களில் படிகாரக் கரைசலை ஊற்றியதும் சில விநாடிகள் மிக வேகமாகக் கலக்குவார்கள். அதன்பின் இருபது முப்பது நிமிடங்கள் மிகவும் மெதுவாக, துடுப்புப் போடுவதுபோலக் கலக்குவார்கள். முதலாவது கலக்கு படிகாரம் எங்கும் பரவுவதற்காக. இரண்டாவது, துணுக்குகள் ஒன்றையொன்று சந்திப்பதற்காக. வேகம் கூடினால் சேர்ந்தவை உடைந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் ஆறு முகவைகளில் குளத்து நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் இட்டு நாங்களும் செய்து பார்த்தோம். நிலையங்களில் அன்றாட அளவை முடிவு செய்வதும் இதே சோதனையால்தான். படிகாரத்தை நிறையப் போட்டால் நிறையத் தெளியும் என்று எண்ணியிருந்தோம். எங்கள் ஆறாவது முகவை ஐந்தாவதை விடக் கலங்கியே கிடந்தது. அளவு மிஞ்சினால் துகள்களின் மின்னூட்டம் எதிர்மாறாகி மீண்டும் விலகத் தொடங்கிவிடும் என்று சகோதரி விளக்கினார். நீரின் புளிப்புத் தன்மையும் கூடிவிடுமாம்.

திரளும் துணுக்குகள் கிருமிகளில் பலவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குவது உண்மை. எல்லாவற்றையும் அல்ல.

இனி ‘வடிகட்டல்’. ஆங்கிலத்தில் இதற்குரிய சொல்லின் வேர், கம்பளி நமத்தைக் குறிக்கும் ஒரு பழைய இலத்தீன் சொல். ஒருகாலத்தில் கம்பளித் துண்டில்தான் வடிகட்டினார்கள் போலும். நம் சொல் சோறு வடிக்கும் அடுப்பங்கரையிலிருந்து வந்தது. கஞ்சி வடிப்பதில் ஓட்டை சிறியது, பருக்கை பெரியது. ஆகவே பருக்கை தங்கிவிடுகிறது. மணல் வடிகட்டியும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நாங்கள் நம்பியிருந்தோம். அது தவறு. மணல் பருக்கைகளுக்கு இடையேயுள்ள சந்தில் ஒரு பாக்டீரியா, தேர் ஓடும் வீதியில் நடக்கும் எறும்பைப் போலத் தாராளமாகப் போகலாம். அப்படியானால் மணல் எவ்வாறு அதைப் பிடிக்கிறது?

இக்கேள்விக்கு விடை தெரியாமலேயே மனிதர்கள் மணல் வடிகட்டிகளைக் கட்டினார்கள். ஸ்காட்லாந்து நாட்டில் பெய்ஸ்லி என்னும் ஊரில் ஜான் கிப் என்பவர் 1804-இல் தம் சலவைத் தொழிலுக்காக ஒரு மணல் வடிகட்டி அமைத்து, மிஞ்சிய நீரை ஊராருக்கு விற்றார். துணி வெளுக்கக் கலங்கல் நீர் உதவாது என்பதே அவர் கவலை. லண்டனில் செல்சி நீர் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் சிம்ப்சன் 1829-இல் கட்டிய பெரிய வடிகட்டியும் நீர் பார்வைக்கு நன்றாயிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். காலராக் கிருமியை ராபர்ட் காக் இனம் கண்டு, கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டெடுத்தது 1884-இல் அல்லவா? அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வடிகட்டிகள் ஓசையின்றி உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தன.

அவை காத்தன என்பதற்குச் சான்று 1892-இல் ஜெர்மனியில் கிடைத்தது. எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று இரு நகரங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. (இன்று ஆல்டோனா ஹாம்பர்க்கின் ஒரு பகுதியாகிவிட்டது.) ஹாம்பர்க் மேலே; ஆல்டோனா கீழே. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே குழாய்களில் விட்டது. ஆல்டோனா அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு நீர் எடுத்தது. ஆனால் அதை மணலில் வடிகட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனாவில் நோய் வேரூன்றவில்லை. இரு நகரங்களுக்கும் எல்லையாக இருந்த ஒரு தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கத்தில் இல்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, மக்களும் ஒரே மாதிரித் தொழிலாளர். எல்லைக்கு ஹாம்பர்க் பக்கம் இருந்தும் ஆல்டோனாக் குழாயில் இணைப்புப் பெற்றிருந்த ஒரு குடியிருப்பையும் நோய் தொடவில்லை. காற்றிலும் மண்ணிலும் எழும் நச்சாவியே காலராவுக்குக் காரணம் என்று வாதிட்டு வந்த அறிஞர்களுக்கு அதன்பின் பேச அதிகம் இருக்கவில்லை. ஹாம்பர்க் 1893-இல் தன் வடிகட்டிகளைத் திறந்தது.

மணலின் இரகசியம் அதன் மேல் படியும் ஆடையில் இருக்கிறது. ‘மெது மணல் வடிகட்டி’ என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமுள்ள நுண்மணல் படுகை. அதன் மேல் நீர் நின்று, மணிக்கு 10 அல்லது 20 சென்டிமீட்டர் அளவே கீழ் இறங்கும். சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் பாசியும் பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் சேர்ந்து பால் ஏட்டைப் போல ஒரு வழவழப்பான படலம் உண்டாகிறது. இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயரை உலகெங்கும் அப்படியே வழங்குகிறார்கள்: ‘ஷ்முட்ஸ்டெக்க’, அதாவது அழுக்குப் போர்வை. இந்தப் போர்வை நோய்க்கிருமியைச் சிக்க வைக்கிறது. அதிலும் அதற்குக் கீழேயும் வாழும் உயிர்கள் சிக்கியதை உண்டு செரித்துவிடுகின்றன. அழுக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு நீரைத் தூய்மைப்படுத்தும் இப்படலம், வடிகட்டி கட்டிய அன்றே கிடைப்பதில்லை. அது உருவாகும் காலத்திற்கு ‘முதிர்தல்’ என்று பெயர். முதிராத வடிகட்டி, மணல் நிரப்பிய தொட்டி மட்டுமே. ஆல்டோனாவிலேயே 1893 குளிர்காலத்தில் வடிகட்டியின் மணல் உறைந்துபோய்ப் படலம் கெட்டதால் காலரா உள்ளே நுழைந்தது. படலம் தடித்து நீர் இறங்க மறுக்கும்போது மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, மீண்டும் முதிரும் வரை காத்திருப்பார்கள். கிணற்றடியில் மணலும் கரியும் அடுக்கி வடிகட்டி செய்து, வாரந்தோறும் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவி அடுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

சென்னை மாநகருக்கும் இக்கதையில் பங்கு உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர் 1872 முதல் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்கு வந்து, வடிகட்டப்படாமலே குழாய்களில் ஓடியது. கால்வாயில் மாடு இறங்கினாலும் மழைநீர் கலந்தாலும் அதே நீர்தான் வீட்டுக்கு வரும். மாநகராட்சியின் பொறியாளர் மேட்லி வகுத்த திட்டத்தின்படி கால்வாய்க்கு மாற்றாக மூடிய வாய்க்காலும், கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகளும் அமைக்கப்பட்டு, 1914-இல் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. தியாகராய நகரில் மேட்லி சாலை வழியே போகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

மெது மணல் வடிகட்டிக்கு இடம் நிறைய வேண்டும். ஒரு சதுர மீட்டர் மணல் மணிக்கு நூறு, இருநூறு லிட்டர்தான் தரும். ஆகவே பின்னாளில் ‘விரைவு மணல் வடிகட்டி’ வந்தது. பருமணல், ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர். இதில் உயிருள்ள போர்வைக்கு நேரமே இல்லாததால், படிகாரம் இட்டுத் திரட்டிய நீரைத்தான் இதில் விட வேண்டும். ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சி மணலைக் கொதிக்கும் சோறு போலக் குதிக்க வைத்துக் கழுவுவார்கள். அதற்கு ‘எதிர்க்கழுவல்’ என்று பெயர். இது மெது வடிகட்டியைப் போலக் கிருமியைப் பிடிப்பதில்லை. அதனால் இதற்குப்பின் குளோரின் கட்டாயம்.

இப்போது தோழியின் வீட்டு ஃபில்டருக்கு வருகிறோம். இரண்டு எவர்சில்வர் அடுக்குகளும் உள்ளே மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைப் பீங்கான் குழல்களும் கொண்ட அதை நம் வீடுகளில் பலவற்றில் காணலாம். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சாம்பர்லான் 1884-இல் செய்த பீங்கான் வடிகட்டிதான் இதன் மூதாதை. அதன் துளைகள் பாக்டீரியா நுழைய முடியாத அளவு நுண்ணியவை. பாக்டீரியாவற்ற நீர் கைக்கு வந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1892-இல், ஹாம்பர்க்கில் காலரா பரவிய அதே ஆண்டில், ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி என்பவர் நோயுற்ற புகையிலை இலையின் சாற்றை இவ்வடிகட்டியில் விட்டுப் பார்த்தார். வடிந்து வந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது! பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று கடந்து வந்திருந்தது. அத்தகையவற்றை நெடுங்காலம் ‘வடிகட்டியைக் கடக்கும் வைரஸ்’ என்றே அழைத்தார்கள். பிறகு அடைமொழி உதிர்ந்து வைரஸ் மட்டும் நின்றுவிட்டது.

தண்ணீரால் வரும் காமாலைகளில் பெரிதும் பேசப்படும் ‘ஏ’ வகையை உண்டாக்குவது வைரஸ்தான். அதன் குறுக்களவு ஏறத்தாழ 27 நானோமீட்டர். அத்தகைய முப்பத்தேழு வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மைக்ரான் ஆகும். பீங்கான் குழலின் துளை அதற்குக் கோயில் வாசல். கழிவறைக் குழியிலிருந்து மழைக்காலத்தில் கசிந்து கிணற்றை அடையும்போது அது நீரைக் கலக்குவதில்லை, நிறம் மாற்றுவதில்லை, வாடையும் தருவதில்லை. மேலும் உடலில் புகுந்து 15 முதல் 50 நாட்கள் கழித்தே நோயாக வெளிப்படுவதால், எந்த நாள் குடித்த நீரென்று எந்தத் தாயாராலும் நினைவுகூர இயலாது. அம்மா, உங்கள் தண்ணீர் தெளிந்ததுதான், நல்ல தண்ணீர்தான், வடிகட்டியதுதான். நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. அதற்குச் செய்யப்படாதது நான்காவது வேலை ஒன்று.

அந்த நான்காவது வேலைக்குக் ‘கிருமிநீக்கம்’ என்று பெயர். எளிய வழி கொதிக்க வைப்பது. ‘சுட வைத்த தண்ணீர்’ என்பதும் ‘கொதித்த தண்ணீர்’ என்பதும் ஒன்றல்ல. பாத்திரத்தின் அடியில் குமிழி தோன்றுவது கொதி ஆகாது. நீர் முழுவதும் தளதளவென்று புரள வேண்டும். அப்படி ஒரு நிமிடம் புரண்டால் காலராக் கிருமி, டைபாய்டுக் கிருமி, காமாலை வைரஸ் யாவும் மடிந்துவிடும். விடுதியில் சமையல் செய்யும் அக்கா இதைப் படித்துவிட்டு, “நான் அஞ்சு நிமிஷம் விடுவேன்” என்றார். விடலாம், எரிவாயுதான் செலவு.

ஊர் முழுவதற்கும் கொதிக்க வைக்க முடியாதாகையால் குளோரின் வந்தது. அமெரிக்காவில் ஜெர்சி நகரத்திற்கு வரும் நீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் 1908 முதல் நாள்தோறும் குளோரின் சேர்க்க ஏற்பாடு செய்தார். குடிநீரில் நஞ்சைக் கலப்பதா என்று வழக்கு மன்றத்தில் கேள்வி எழுந்தது; தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. குளோரினைப் பற்றிப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் வேண்டும். நீரில் உள்ள அழுக்கும் இரும்பும் அம்மோனியாவும் கிருமியும் தின்று தீர்க்கும் குளோரினுக்குக் ‘குளோரின் தேவை’ என்று பெயர். தேவை தீர்ந்தபின் மிச்சம் நிற்பது ‘எஞ்சிய குளோரின்’. இவ்வேலை முடிய நாம் காத்திருக்க வேண்டிய நேரம் ‘தொடுநேரம்’. அது குறைந்தது 30 நிமிடங்கள். விருந்துக்குச் செய்த சோறு பந்திக்குப் போதாமல் போனால் கடைசியில் வருபவர் பசியோடு போவார் அல்லவா? குளோரின் கடைசிக் கிருமியிடம் போவதற்குள் தீர்ந்துவிட்டால் அக்கிருமி பிழைத்துக்கொள்ளும். எனவேதான், போட்ட அளவைக் கேளாமல் எஞ்சிய அளவைக் கேட்கிறார்கள். நம் நாட்டுத் தரம் அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. குழாயில் வரும் வழியில் சிறிது மாசு புகுந்தாலும் அதைச் சமாளிக்க அந்த மிச்சம் உதவும். குழாய் நீரில் லேசான மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்கும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. கலங்கல் நீரில் குளோரின் இட்டால் பெரும்பகுதி மண்ணுக்கே செலவாகும். கிருமிகளும் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் தெளிவித்து, பின்பு வடிகட்டி, கடைசியில் குளோரின் என்ற வரிசை இதனால்தான்.

பிளீச்சிங் பவுடர் வாங்குவோருக்கு ஒரு செய்தி. புதிதாக இருக்கையில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே குளோரின். மூட்டையைத் திறந்து ஈரமும் வெயிலும் படும்படி வைத்தால் அதுவும் பறந்துபோய்ச் சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். போன வருடத்து மூட்டையைக் கிணற்றில் கொட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை.

கடின நீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். பருப்பு வேகாத நீர், சோப்பு நுரைக்காத நீர் என்று வீட்டிலேயே எல்லோருக்கும் தெரியும். கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருப்பதே காரணம். கொதித்தால் போவது தற்காலிகக் கடினத்தன்மை, போகாதது நிரந்தரக் கடினத்தன்மை. இது தொல்லையே தவிர, தொற்றுநோய் அன்று.

ஆனால் இன்று விற்பனையாளர்கள் பயமுறுத்துவது பெரும்பாலும் இதைக் காட்டித்தான். பேனா போன்ற ஒரு கருவியை நம் குடத்து நீரில் தோய்த்து, 600 என்றோ 800 என்றோ எண் வந்ததும் அம்மாக்களின் முகத்தைப் பார்க்கிறார்கள். அது காட்டுவது ‘மொத்தக் கரைந்த திடப்பொருள்’. நீரின் மின்கடத்தலைக் கொண்டு கணக்கிட்ட உப்புக்களின் அளவு. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டுத் தரம். கிருமியைப் பற்றி அந்தப் பேனாவுக்கு ஒன்றும் தெரியாது. காமாலை வைரஸ் நிறைந்த நீரிலும் அது 150 என்று சாந்தமாகக் காட்டும்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு கோப்பைகளில் நம் நீரையும் அவர்கள் இயந்திரத்து நீரையும் வைத்து, உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்துவார்கள். நம் நீர் நொடியில் செம்பழுப்பாகித் திரி திரியாக மிதக்கும். “பாருங்கள், இதைத்தான் குடிக்கிறீர்கள்” என்பார்கள். அது நீரில் இருந்த அழுக்கு அன்று. கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்பு உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பி கரைந்து, படிகாரம் செய்வதைப் போலவே திரளாகிறது. உப்பில்லாத நீரில் மின்சாரம் பாயாததால் கம்பி கரைவதில்லை. ஆய்வுக்கூடத்தில் வாலை வடிநீரில் இரண்டு ஆணிகளை இறக்கிச் செய்து பார்த்தோம், ஒன்றும் நிகழவில்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பை இட்டதும் அதே நீர் சேறானது. அழுக்கு அந்தச் சிட்டிகை உப்பில் இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவ்வியந்திரங்களில் நடப்பது ‘எதிர்ச் சவ்வூடு பரவல்’. சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் கலிபோர்னியாவில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்குப் பயன்படும் சவ்வை உருவாக்கினார்கள். உப்பு நீரை அழுத்தத்துடன் சவ்வின்மேல் தள்ளினால் நீர் கடக்கும், உப்பு தங்கும். சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்க நிறுவிய நிலையங்கள் இம்முறையிலேயே அமைந்தவை. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருமாறு கட்டப்பட்டது. புளூரைடு மிகுந்த ஊர்களுக்கும் உவர் நீர் ஊர்களுக்கும் இது பேருதவி. உப்பே இல்லாத நீர் கிடைக்கும் வீட்டில் இது எதற்கு என்று நாங்கள் கேட்கிறோம். ஒரு குடம் நீர் தர, வீட்டு இயந்திரம் இரண்டு மூன்று குடம் நீரை வெளியே தள்ளிவிடுகிறது. இயந்திரம் உள்ளவர்கள் அந்த நீரைப் பாத்திரம் விளக்கவும் தரை துடைக்கவுமாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தோழி ஜனவரியில் வகுப்புக்குத் திரும்பினாள். இக்கட்டுரையின் பெரும்பகுதியை அவளே படித்துத் திருத்தினாள். அவள் வீட்டில் இப்போது நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, குழாய் வைத்த பானையில் மூடி வைக்கிறார்கள். முன்பு அகன்ற வாய்க் குடத்தில் ஆளுக்கு ஆள் டம்ளரை விட்டு மொண்டார்களாம். விரல் நனைய மொண்டால் கொதித்த நீரும் பழையபடி ஆகிவிடும் என்பதற்கு ‘மறுமாசு’ என்று பெயர். அந்தச் சொல்லை எங்கள் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தவள் அவள்தான்.